என் மனைவி ஏறிய பேருந்துகள்

என் மனைவி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற அன்று அவளைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். மைசூரில் ஒரு பெரிய மருத்துவமனையில் அவள் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தாள். நான் ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருந்தேன். எனக்குக் காலையில் போய் மாலையில் திரும்பும் வேலை. அவளுக்கு ஷிப்ட். நான் வீட்டுக்கு வரும் நேரத்தில் அவள் வெள்ளைப் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வரும்போது அவள் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, குளிர்சாதனப் பெட்டியின் மேல் சீட்டு எழுதி வைத்துப் பேசிக்கொண்ட நாட்கள் உண்டு. மகளை வளர்த்ததும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு பாதி.

நான் அவளுக்கு மூன்று வருடம் முன்னால் ஓய்வுபெற்றேன். விஜயநகரில் நாங்கள் கட்டிய வீட்டில் மூன்று வருடம் தனியாகப் பகல்களைக் கழித்தேன். மகள் கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டாள். செய்தித்தாளைக் கடைசி வரி வரை படித்தேன். சாம்பார் வைக்கக் கற்றுக்கொண்டேன். காரைத் துடைத்தேன். இருபத்தைந்து அடி நீளத் தோட்டத்தில் எவ்வளவு நேரம்தான் தண்ணீர் ஊற்ற முடியும்? இவள் வரட்டும், இவள் வரட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் வீட்டில் இருந்தால் காலையில் இரண்டு பேரும் உட்கார்ந்து காபி குடிப்போம், சாயங்காலம் பூங்காவைச் சுற்றி நடப்போம், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மத்தியானம் தூங்குவோம். நான் ஆசைப்பட்டதெல்லாம் அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் அவள் ஓய்வுபெற்றாள். டிசம்பர் கிறிஸ்துமஸ் வேலையில் ஓடியது. ஜனவரியில் இரண்டாவது சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு அடுப்பங்கரையில் சத்தம் கேட்டு எழுந்து போனேன். எலுமிச்சம் சாதத்தை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் கூப்பிட்டதாகச் சொன்னாள். அடுத்த தெருவில் இருக்கும் அந்த டீச்சர் அரசுப் பள்ளியில் அறிவியல் சொல்லித்தருகிறவர். எங்கள் பங்குக்கோயிலுக்குத்தான் வருகிறார். மாதாமாதம் இரண்டாம் சனிக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்றைக்கு நான்கைந்து பெண்களைச் சேர்த்துக்கொண்டு அரசுப் பேருந்தில் ஏறி, அன்று மாலைக்குள் திரும்பிவரக்கூடிய ஏதாவது ஒரு ஊருக்குப் போவது அவருடைய வழக்கம். பெண்களுக்குச் சாதாரண பேருந்தில் டிக்கெட் வாங்க வேண்டியதில்லை என்று ஆன பிறகு ஆரம்பித்த பழக்கம். அக்ரஹாரத்தில் ரவிக்கை தைக்கும் ஒரு அம்மா, எங்கள் எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மா, என் மனைவியோடு வேலை பார்த்த இன்னொரு நர்ஸ் எல்லோரும் அதில் சேர்த்தி. இந்தக் கூட்டத்தில் சேர வேண்டும் என்று வேலையில் இருக்கும்போதே என் மனைவி சொல்லி வைத்திருந்தாளாம். எனக்குத் தெரியாது.

“எப்ப வருவ?” என்று கேட்டேன்.

“இருட்டறதுக்கு முன்னாடி வந்துடுவேன். ரசம் ஃப்ரிட்ஜ்ல இருக்கு.”

அன்று மேல்கோட்டை மலைக்கோயிலுக்குப் போனார்கள். நான் ரசத்தைச் சூடு பண்ணிச் சாப்பிட்டேன்.

முதலில் நான் அதைப் பொறாமை என்று நினைக்கவில்லை. வெயிலில் அலைகிறாளே, முட்டிவலி இருக்கிறதே, பேருந்தில் கூட்டமாக இருக்குமே என்ற கவலை என்றுதான் நினைத்தேன். அவளிடமும் அப்படித்தான் சொன்னேன். அவள் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு, படி ஏறினால் முட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்றாள்.

பிப்ரவரியில் அவர்கள் எங்கும் போகவில்லை, மைசூருக்குள்ளேயே நடந்தார்கள். அந்த மாதத்தில் எங்கள் ஊர்ச் சாலைகளில் இலையெல்லாம் உதிர்ந்துபோய், மரம் முழுக்க இளஞ்சிவப்புப் பூவாக நிற்கும். அந்த மரங்களை எண்ணிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் நடந்தார்களாம். நான் முப்பது வருடம் அந்த மரங்களுக்கு அடியில் வண்டி ஓட்டிப் போனவன். பூ கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது என்று நிழலில் நிறுத்தாமல் வெயிலில் நிறுத்துவேன். அவள் ஒரு கைப்பிடி பூவைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்க விட்டிருந்தாள். அடுத்த நாள் அது வாடிவிட்டது என்று நான் எடுத்துக் கொட்டினேன். அது அவ்வளவாக வாடியிருக்கவில்லை.

ஏப்ரலில் காவிரிக் கரையில் இருக்கும் தலக்காடு. முகம் கறுத்து, புடவைக் கொசுவத்தில் மணலோடு திரும்பி வந்தாள். குளித்துவிட்டு வந்து மகளுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்து அறையில் செய்தி பார்ப்பதுபோல் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு கேட்டேன். ஆற்றில் முழங்கால் அளவு தண்ணீரில் ஐந்து பேரும் புடவையோடு உட்கார்ந்துவிட்டார்களாம். எருமை மாதிரி, எழுந்து வரவே மனசில்லை என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பரிசலில் சுற்றியபோது தையல்கார அம்மா பயத்தில் பரிசல்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாராம், பொத்தான் தெறித்துவிட்டதாம், கரைக்கு வந்ததும் பையிலிருந்து ஊசி நூல் எடுத்து அங்கேயே தைத்துக் கொடுத்தாராம். மகளும் அந்தப் பக்கம் சிரிப்பது எனக்குக் கேட்டது. இதில் ஒன்றைக்கூட அவள் என்னிடம் சொல்லியிருக்கவில்லை. எப்படி இருந்தது என்று நான் கேட்டதற்கு, நல்ல வெயில் என்றுதான் சொன்னாள். நியாயமாகப் பார்த்தால், நான் கேட்டதும் அப்படித்தான். வாயில் கேட்டேன், கண் தொலைக்காட்சியில் இருந்தது.

அன்று மாலை அவள் போனை மேசையில் வைத்துவிட்டு ஜெபமாலைக்கு உட்கார்ந்தபோது அதை எடுத்துப் படங்களைப் பார்த்தேன். ஒரு படத்தில் அவள் ஆற்றில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். கடைவாய்ப் பல் வரை தெரிந்தது. விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கல்யாணமாகி முப்பத்துமூன்று வருடத்தில் இந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. சிரித்திருக்கிறாள், நிறையச் சிரித்திருக்கிறாள். ஆனால் கையால் வாயை மறைத்துக்கொண்டு. நர்ஸ் வேலையில் அப்படிப் பழகியிருக்கலாம் என்று நினைத்திருந்தேன்.

அந்தப் படத்தை எடுத்தவர் யாராக இருக்கும் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றிய கேள்வி. டீச்சராக இருக்கும், இல்லை என்றால் எதிர்வீட்டு அம்மாவாக இருக்கும். யாராக இருந்தாலும், அந்த முகத்தை நேருக்கு நேர் பார்த்தவர் நான் இல்லை. அப்போதுதான் இது கவலை இல்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது.

காரில் கூட்டிப்போகிறேன் என்று சொன்னேன். வருகிற ஞாயிறு சாமுண்டி மலைக்குப் போகலாம், மேலிருந்து ஊரைப் பார்க்கலாம் என்றேன். அவளும் ஆசையாகத்தான் கிளம்பினாள். போகும் வழியில் முன்னால் போன வேனைத் திட்டிக்கொண்டே போனேன். மேலே வண்டி நிறுத்த இடம் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் பக்கத்து வண்டி உரசிவிடுமோ என்று இரண்டு தடவை திரும்பி வந்து பார்த்தேன். அவள் சுவரோரமாக நின்று ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடை மழைக்கு முன் வரும் மேகம் ஊருக்குமேல் ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. மழை வந்தால் மலைப்பாதை வழுக்கும், கிளம்பலாம் என்றேன். நாற்பது நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிட்டோம். கதவைத் திறக்கும்போது அவள், “முடிஞ்சுதா?” என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டதுபோல் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைத் தந்தது.

ஜூன், ஜூலையில் குண்டலுபேட்டைப் பக்கம் சூரியகாந்தி பூக்கும். ஊட்டிப் பாதையில் இரண்டு பக்கமும் மஞ்சளாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். பத்துப் பதினைந்து நாள்தான் அந்தப் பூவுக்கு ஆயுசு, அதனால் சரியான வாரத்தில் போக வேண்டும் என்று டீச்சர் அந்தப் பக்கத்து ஆட்களிடம் போனில் விசாரித்துக்கொண்டே இருந்தார். ஜூலை இரண்டாம் சனிக்கிழமையே போகலாம் என்று முடிவானது. அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் அதே பேச்சு. தையல்கார அம்மா ஐந்து பேருக்கும் ஒரே துணியில் தொப்பி தைத்துக் கொடுத்திருந்தார். என் மனைவி கண்ணாடி முன்னால் நின்று தொப்பியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது வயதில் தொப்பி. நான் கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அதை முதல்நாளே யோசித்து வைத்திருந்தேன் என்று சொன்னால் அது உண்மையாக இருக்காது. யோசிக்கவே இல்லை என்று சொன்னாலும் உண்மையாக இருக்காது.

“தலை சுத்துது,” என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்தாள். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து கையில் சுற்றினாள். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். எழுந்து நிற்கச் சொன்னாள், கண்ணை மூடச் சொன்னாள், நான் ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். அவள் என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். ஒரு நிமிடம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு போனை எடுத்து, அவருக்கு உடம்பு சரியில்லை, நீங்கள் போய் வாருங்கள் என்று டீச்சரிடம் சொன்னாள்.

அன்று பகல் முழுவதும் எனக்குப் பணிவிடை செய்தாள். கட்டிலில் படுக்க வைத்து, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, தொலைக்காட்சி பார்க்கக்கூடாது என்றாள். கஞ்சி கொடுத்தாள். உப்பு மட்டும்தான், ஊறுகாய் கேட்டதற்குத் தரவில்லை. இரண்டு மணிக்கொருதரம் வந்து நாடி பார்த்துவிட்டு ஒரு தாளில் எழுதினாள், வார்டில் எழுதுவதுபோல. பதினோரு மணி வாக்கில் எனக்கு நல்ல பசி. வீட்டில் எங்கேயோ அவள் எலுமிச்சம் சாத டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிடும் சத்தம் கேட்டது. நான் ஆசைப்பட்டபடி அவள் வீட்டில்தான் இருந்தாள். ஆனால் அதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

மூன்று மணிக்கு அவள் போனில் படங்கள் வர ஆரம்பித்தன. என் அறையிலேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, மெதுவாக நகர்த்தி, ஓரம் வரை பார்த்தாள். திரையின் மஞ்சள் வெளிச்சம் அவள் மூக்குக்கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்த பதினைந்து நாளும் எனக்குச் சரியாகச் சாப்பிட முடியவில்லை. அவள் கோபமாக இருந்திருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவள் வழக்கம்போல் இருந்தாள். தொப்பியை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். இரண்டாவது வாரம் நானே சொன்னேன், குண்டலுபேட்டைக்குக் காரில் போகலாம், நீ அன்றைக்குப் பார்க்க முடியாமல் போய்விட்டதே என்று. அவள் சரி என்றாள். பூ இருக்குமா என்று இரண்டு பேருமே பேசவில்லை.

அந்தத் தடவை நான் யாரையும் திட்டாமல் ஓட்டினேன். ஜன்னலையும் இறக்கி வைத்திருந்தேன். நஞ்சன்கூடு தாண்டி, பேகூர் தாண்டிப் போனோம். மழை பெய்து ஓய்ந்திருந்தது, மலைகள் கழுவி வைத்ததுபோல் நீலமாகத் தெரிந்தன. குண்டலுபேட்டையைத் தாண்டிய பிறகு சாலையின் இரண்டு பக்கமும் வயல்கள். மஞ்சள் இல்லை. சூரியகாந்தித் தலைகள் எல்லாம் கறுத்து, கனத்து, தரையைப் பார்த்துக் குனிந்து நின்றன. பாதி வயல்களில் தலையை வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள், வெறும் தண்டு நின்றது.

அவள் இறங்கி வரப்பில் நடந்து போனாள். அங்கே ஒரு அம்மா தலைகளை அறுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். “எல்லா முகீத்து அம்மா, ஹதினைது தினா லேட்டு,” என்றார் அவர் கன்னடத்தில். எல்லாம் முடிந்துவிட்டது, பதினைந்து நாள் தாமதமாக வந்துவிட்டீர்கள் என்று. என் மனைவி குனிந்து அவரோடு இரண்டு மூன்று தலைகளைச் சாக்கில் எடுத்துப் போட்டாள். என்னமோ கேட்டாள், அவர் சொல்லிக்கொண்டே அறுத்தார். நான் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு வயல்காரம்மா மேல்கூட எனக்கு எரிச்சல் வந்தது. இவளுக்கு மட்டும் எப்படி யாரோடும் பேச முடிகிறது?

அவள் ஒரு காய்ந்த சூரியகாந்தித் தலையைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். அந்த இடத்தில் என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“அன்னைக்கு எனக்குத் தலை சுத்தல,” என்றேன்.

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“அன்னைக்கேதான். நாடி எழுபத்திரண்டு. பிரஷர் என்னோடதவிட நல்லா இருந்துச்சு. நெஜமா தலை சுத்தறவங்க கண்ண மூடினா அப்படிச் சாயமாட்டாங்க, நீங்க சோபா இருக்கிற பக்கமாப் பாத்துச் சாஞ்சீங்க.”

“அப்புறம் ஏன் போகாம இருந்த?”

அவள் கையிலிருந்த சூரியகாந்தியிலிருந்து ஒரு விதையைப் பிரித்து எடுத்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “முப்பத்திரண்டு வருசம் வார்டுல இருந்தேன். ஒண்ணுமே இல்லாம வந்து படுக்கிறவங்க வருவாங்க. அவங்கள ஒண்ணுமில்லன்னு சொல்லி அனுப்பிடக்கூடாது. பொய் சொல்லிப் படுக்கிற அளவுக்கு வந்துட்டாங்கன்னா வேற எங்கயோ வலி இருக்குன்னு அர்த்தம்.”

பக்கத்தில் ஒரு லாரி போனது. பிறகு, பொறாமையாக இருந்தது என்று சொன்னேன். யார் மேல் என்று கேட்டாள். அவள் மேலும், அந்த நான்கு பேர் மேலும், அந்தத் தொப்பி மேலும்கூட என்றேன். மூன்று வருடம் அவளுக்காக வீட்டில் உட்கார்ந்திருந்ததையும், தலக்காட்டுப் படத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்ததையும் சொன்னேன். பிப்ரவரியில் நான் கொட்டிய பூ வாடாத பூ என்பதையும் சொன்னேன். அறுபத்துமூன்று வயதில் ரோட்டோரத்தில் நின்றுகொண்டு இதையெல்லாம் சொல்வதற்கு எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என்னை பஸ் ஸ்டாண்டுல விட்டுடுங்க,” என்றாள். “கோவத்துல சொல்லல. கொஞ்ச நேரம் நான் தனியா உக்காரணும். நீங்க காரை எடுத்துட்டு வாங்க.”

குண்டலுபேட்டை பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டேன். மைசூர் பேருந்து ஒன்று புறப்படத் தயாராக நின்றது. அவள் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஏறினாள். நான் அந்தப் பேருந்துக்குப் பின்னாலேயே காரை ஓட்டினேன். முந்திப் போயிருக்கலாம், எத்தனையோ இடம் இருந்தது. முந்தவில்லை. இடது பக்கம் நான்காவது ஜன்னலில் அவளுடைய முழங்கை தெரிந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் பேருந்து நின்றது, நானும் நின்றேன். யாராவது ஏறும்போதெல்லாம் அவள் பக்கத்தில் யார் உட்காரப் போகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். பேகூரில் ஏறிய ஒரு பெண் உட்கார்ந்தார். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் இரண்டு தலையும் ஒன்றையொன்று பார்த்துத் திரும்பியிருந்தன. அந்தப் பெண்ணின் கையில் இருந்த குழந்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்ட, என் மனைவியின் கை அதை உள்ளே இழுத்தது. முன்பின் தெரியாதவர்களுக்கு இவ்வளவு இருக்கிறது அவளிடம், எனக்கு மட்டும் ஏன் ஒரு சீட்டு எழுதும் அளவுக்குத்தான் இருந்தது என்று யோசித்துக்கொண்டே ஓட்டினேன். நான் கேட்டதும் அவ்வளவுதான் என்பது நஞ்சன்கூடு வருவதற்குள் எனக்குப் புரிந்தது. அது புரிந்ததால் பொறாமை போய்விடவில்லை. ஆனால் அதுவரை அவள் பக்கமாகவே பார்த்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் என் பக்கமும் திரும்பியது.

நஞ்சன்கூட்டில் பேருந்து பத்து நிமிடம் நின்றது. அவள் இறங்கி, அங்கே விற்கும் ரசவாழைப் பழத்தில் ஒரு சீப்பு வாங்கினாள். பிறகு நேராக என் காரிடம் வந்து, ஜன்னல் வழியாக இரண்டு பழத்தை என் மடியில் வைத்தாள். “மத்தியானம் மாத்திரை போட்டுட்டு ஒண்ணும் சாப்பிடல நீங்க,” என்றாள். நான் ஏதாவது சொல்வதற்குள் போய் ஏறிவிட்டாள். அவளுடைய இடத்தில் யாரும் உட்காராதபடி அந்தப் பெண் ஒரு துண்டை விரித்து வைத்திருந்தது எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பெரிய பேச்சு எதுவும் நடக்கவில்லை. அடுத்த மாதம் அவர்கள் சிவனசமுத்திரம் போனார்கள். காவிரியில் வெள்ளம் வந்து அங்கே இருக்கும் இரண்டு அருவிகளும் முழுதாக விழுந்துகொண்டிருந்த சமயம். நான் பிறந்தது கொள்ளேகால் பக்கத்து ஊர். அந்த அருவியின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் எனக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். ஆனால் நிறைந்த வெள்ளத்தில் நான் அதைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு வருடமும் அடுத்த வருடம் போகலாம் என்று விட்டது. என் ஊர் அருவியை என்னை விட்டுவிட்டு அவள் பார்க்கப் போகிறாள் என்று காலையிலேயே புகைந்துகொண்டிருந்தேன். ஆனாலும் பேருந்து நிறுத்தம் வரை அவளோடு நடந்து போய் விட்டுவந்தேன். மாலையில் வந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுக் கேட்டேன். முதலில் கொஞ்சமாகச் சொன்னாள். நான் எழுந்து போகவில்லை என்று தெரிந்ததும் நிறையச் சொன்னாள். சாரல் எவ்வளவு தூரம் வந்தது, எதிர்வீட்டு அம்மா எப்படித் தன் கணவரின் பெயரை அந்த இரைச்சலில் சத்தமாகக் கூப்பிட்டுவிட்டு அழுதார், யாருக்குமே அது காதில் விழவில்லை, பக்கத்தில் நின்ற இவளுக்கு மட்டும் வாய் அசைந்தது தெரிந்தது என்பதெல்லாம். எதிர்வீட்டுக்காரர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. அந்த அம்மாவுக்கு நான் தினமும் காலையில் வணக்கம் சொல்கிறேன். அவர் அழுது நான் பார்த்ததில்லை.

டிசம்பரில் ஒரு நாள் தையல்கார அம்மா வீட்டுக்கு வந்திருந்தார். நஞ்சன்கூடு பக்கத்தில் ஹதினாறு என்று ஒரு ஊர், அங்கே ஏரிக்கு இமயமலையைத் தாண்டி வாத்து வந்திருக்கிறதாம், இந்தச் சனிக்கிழமை அங்கேதான் என்றார். பிறகு என்னைப் பார்த்து, “அண்ணா, நீங்களும் சும்னே வாங்களேன். கார் வேணாம்,” என்றார். சும்மா என்பதற்கு அவருக்குக் கன்னடச் சொல்தான் வரும். நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்த இரண்டு வினாடிக்காக நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். மாதத்தில் அவளுக்கென்று கிடைத்த ஒரே ஒரு நாள் அது.

“வரட்டும்,” என்றாள். “ஆனா மணி பாத்துட்டே இருக்கக்கூடாது.”

பேருந்தில் நடத்துனர் ஐந்து ஆதார் அட்டைகளைப் பார்த்து ஐந்து இலவசச் சீட்டு கிழித்தார், எனக்கு மட்டும் முழு டிக்கெட். ஐந்து பேரும் அதற்கு ஊரே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்கள். என் மனைவி எதிர்வீட்டு அம்மாவோடு உட்கார்ந்தாள். நான் கடைசி வரிசையில் ஒரு கோழிக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர் தாண்டியதும் அவர்கள் வைத்துக்கொண்ட பேச்சு ஒன்றும் எனக்குப் புரியவில்லை. போன பயணத்தின் சிரிப்பு, அதற்கு முந்தைய பயணத்தின் கேலி. ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐந்து பேரும் சிரித்தார்கள். கூடவே வந்தும் வெளியே நிற்பதுபோல் இருந்தது. வராமலே இருந்திருக்கலாம் என்று ஒரு தடவை நினைத்தேன்.

இறங்கி அரை மணி நேரம் நடந்தோம். ஏரிக்கரையில் குளிர்காற்று, அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோல் வாசனை. தண்ணீரில் தூரத்தில் சாம்பல் நிறமாக ஏதோ புள்ளிகள் தெரிந்தன. இதற்காகவா இவ்வளவு தூரம் என்று தோன்றியது. பெண்கள் கரையில் முன்னால் நடந்துபோய்விட்டார்கள். டீச்சர் மட்டும் என் பக்கத்தில் நின்று, பையிலிருந்து ஒரு தொலைநோக்கியை எடுத்துக் கையில் கொடுத்தார். அந்த மரத்துக்கு நேராகக் கீழே பாருங்கள் அண்ணா என்றார்.

எனக்கு முதலில் மங்கலாகத்தான் தெரிந்தது. அவர் திருகச் சொன்னபடி திருகினேன். சட்டென்று ஒரு தலை, என் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுபோல. வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புக் கோடு. மை தொட்டு இழுத்ததுபோல. வரித்தலை வாத்து என்று டீச்சர் சொன்னார். குளிர் ஆரம்பித்ததும் வரும், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடும், வழியில் இமயமலைக்கு மேலாகப் பறக்கும் என்றார். அதன் அலகிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்ணை மூடி மூடித் திறந்தது. பக்கத்தில் இருந்த ஒன்று அதைக் கொத்த, அது நகர்ந்து உட்கார்ந்தது.

என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கரையில் தூரத்தில் இருந்தாள், காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்போதுதான் எதற்கோ பயந்து வாத்துகள் எல்லாம் ஒரே சமயத்தில் எழுந்தன. நூறு இருக்குமோ, இருநூறு இருக்குமோ. கண்ணாடிக்குள் முழுக்கச் சிறகாக நிறைந்தது. கரகரவென்ற அந்தக் குரல்கள் தலைக்குமேல் வந்து, ஏரியைச் சுற்றி, மறுபடி இறங்கின. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்க வேண்டும், தொண்டை காய்ந்துபோயிருந்தது.

“அண்ணா, நான் ஒரு தடவை பாத்துக்கறேன், கொடுங்க,” என்றார் டீச்சர்.

தொலைநோக்கி அவருடையதுதான். இருந்தும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம் என்று சொல்லிக்கொண்டு, கண்ணிலிருந்து எடுக்காமலே இரண்டடி தள்ளி நின்றுகொண்டேன்.